பழைய பூட்லெக் நாடாவைச் செப்பனிடுவது எப்படி: புராக்ரசிவ் ராக் ரசிகர்களுக்கு ஒரு கையேடு

1975 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்போர்ட்ஸ் அரினாவில் பிங்க் ஃப்ளாய்ட் குழு வாசித்த நிகழ்ச்சியை மைக் மில்லார்ட் என்ற ரசிகர் யாருக்கும் தெரியாமல் பதிவு செய்தார். இப்படி அனுமதியின்றி எடுத்த பதிவைத்தான் பூட்லெக் என்கிறோம். நாகமிச்சி 550 என்னும் கேசட் ரெக்கார்டரையும் ஏகேஜி மைக்குகளையும் அரங்குக்குள் கொண்டு செல்வதற்கு அவர் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் கடைக்கு வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' தொகுப்பின் பாடல்களும், 1977-ல் வேறு பெயர்களில் 'அனிமல்ஸ்' தொகுப்பில் இடம்பெற்ற இரண்டு பாடல்களும் அந்த நாடாவில் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையில் கேட்கின்றன. அதே பதிவை இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் செப்பனிட, 2025 டிசம்பரில் குழுவே 'விஷ் யூ வேர் ஹியர்' தொகுப்பின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்து வெளியிட்டது.

எல்லா நாடாவுக்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை. ஆயினும் இத்தகைய பதிவுகளின் மதிப்பு ஒலித்தரத்தில் மட்டும் இல்லை. கிங் கிரிம்சன் குழுவில் தாளக் கலைஞர் ஜேமி மியூர் சில மாதங்களே இருந்தார். அந்த அணி 1972 அக்டோபரில் ஃப்ராங்க்ஃபர்ட் நகரின் ஸூம் கிளப்பில் வாசித்ததைக் கேட்க விரும்புபவருக்கு நல்ல ஒலிப்பதிவு எதுவும் கிடையாது. கரகரப்பான பூட்லெக் ஒலியைத்தான் குழுவின் சொந்த நிறுவனமே தன் சேகரிப்பாளர் வரிசையில் வெளியிட்டது. மேடையில் ஒவ்வொரு இரவும் புதிதாகப் பிறந்து அன்றே மறையும் வாசிப்புக்கு நாடா ஒன்றே சாட்சி. ஆகவே சாட்சி சொல்வதைத் தெளிவாகக் கேட்கச் செய்வதுதான் செப்பனிடுபவரின் வேலை. அது சொல்லாததைச் சொல்ல வைப்பது அவர் வேலை அன்று. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த ஒரு நினைப்போடு படிக்க வேண்டுகிறேன்.

நாடாவைக் கையில் எடுத்தவுடன்

கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாவல்களும் உடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உடைத்துவிடுங்கள், அதன்பின் தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் நாடா அழியாது. உறையில் எழுதியிருக்கும் அனைத்தையும், பிழையாகத் தோன்றுவதையும் சேர்த்து, படமெடுத்து வையுங்கள். தேதி தவறாக இருக்கலாம். ஆனால் எந்த ஆண்டு யார் கையிலிருந்து நகலெடுக்கப்பட்டது என்ற குறிப்பு பிற்பாடு பெரிதும் உதவும். பதிவு செய்தவர் பயன்படுத்திய மூல நாடாவை மாஸ்டர் என்றும், அதிலிருந்து எடுத்த நகலை முதல் ஜெனரேஷன் என்றும், அதன் நகலை இரண்டாம் ஜெனரேஷன் என்றும் சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு ஜெனரேஷனிலும் இரைச்சல் கூடும், உச்ச ஒலிகள் (உயர்ந்த அதிர்வெண் கொண்ட கூர்மையான ஒலிகள்) மங்கும், வேகப் பிழையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். நான்காம் ஜெனரேஷன் நகலுடன் பல மாதங்கள் போராடுவதைவிட, இரண்டாம் ஜெனரேஷன் நகல் வைத்திருப்பவரைத் தேடிப் பிடிப்பது மேல்.

நாடாவை ஓட்டும் கருவியான டெக்கின் ஹெட் (நாடாவைப் படிக்கும் பகுதி), கேப்ஸ்டன் (நாடாவை இழுக்கும் மெல்லிய தண்டு), ரப்பர் உருளை ஆகியவற்றைச் சுத்தம் செய்துவிட்டு, பல ஆண்டுகளாக ஓடாத நாடாவை ஒருமுறை கடைசிவரை முன்னோக்கி ஓட்டிப் பின் திருப்பிச் சுற்றுங்கள். சுற்றின் இறுக்கம் சீராகும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத் திண்டு கழன்றிருந்தால், திருகாணி வைத்த நல்ல கூடு ஒன்றுக்கு நாடாவை மாற்றிக்கொள்ளலாம். ரீல் நாடா என்றால் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. ஆம்பெக்ஸ் 406, 456 போன்ற சில வகைகளில் பூச்சைப் பிடித்து வைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போய், ஓட்டும்போது ஹெட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். சுமார் 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் அத்தகைய நாடா சில வாரங்களுக்கு ஓடும் நிலைக்குத் திரும்பும் என்பது உண்மையே. ஆனால் வீட்டு அடுப்பு அதற்கான இடம் அன்று. அந்த வேலையை அனுபவமுள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

டிஜிட்டலுக்கு மாற்றுதல்

இந்தப் படியில் செய்யும் பிழையைப் பிறகு எந்த மென்பொருளாலும் ஈடுகட்ட முடியாது. பதிவு செய்த கருவியின் ஹெட்டும் உங்கள் டெக்கின் ஹெட்டும் நாடாவுக்கு ஒரே கோணத்தில் நிற்பது அரிது. கோணம் இம்மி பிசகினாலும் டிரம்ஸின் சிம்பல் தட்டுகளின் சிலுசிலுப்பு மறைந்து, கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். இரண்டு சேனல்களையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டபடி, ஹெட்டின் பக்கத்திலுள்ள கோணத் திருகாணியை மிக மெதுவாக இருபுறமும் திருப்பிப் பாருங்கள். உச்ச ஒலிகள் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரே கேசட்டின் இரண்டு பக்கங்களுக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும்.

டால்பி பொத்தான் அடுத்த சிக்கல். பதிவின்போது உச்ச ஒலிகளைக் கூட்டி, ஓட்டும்போது குறைத்து, நாடாவின் இரைச்சலைத் தணிக்கும் ஏற்பாடு அது. டால்பி இல்லாமல் பதிவான நாடாவை டால்பி போட்டு ஓட்டினால் உச்ச ஒலிகள் செத்துவிடும். டால்பியோடு பதிவானதை அதில்லாமல் ஓட்டினால் ஒலி கூர்மையாகிக் காதை உறுத்தும். ஐயம் இருக்கும்போதெல்லாம் டால்பியை அணைத்தே மாற்றுங்கள். இருப்பதைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். இழந்ததை மீட்க வழியில்லை.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில், உச்சபட்ச ஒலியளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி பதிவு செய்யுங்கள். நாடாவின் தொடக்கத்தில் உள்ள வெற்று இரைச்சல், பாடல்களுக்கு நடுவே ரெக்கார்டரை நிறுத்தி மீண்டும் தொடங்கிய 'டக்' ஓசை, கூட்டத்தின் பேச்சு என எதையும் வெட்டாதீர்கள். அவை ஏன் தேவை என்பது அடுத்த பகுதியில் புரியும். முழுக் கோப்பை, ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் சேமித்து, கோப்பு மாறவில்லை என்று பிறகு உறுதிசெய்ய உதவும் சரிபார்ப்பு எண்ணை (செக்சம்) எடுத்துக்கொண்டு, இரண்டு வேறு இடங்களில் நகல் வையுங்கள். அந்தக் கோப்பின்மேல் இனி ஒருபோதும் கை வைக்கக் கூடாது, செப்பனிடுவதெல்லாம் நகலில்தான்.

சுருதியும் வேகமும்

பூட்லெக் செப்பனிடுவோர் பலர் முதலில் இரைச்சலைப் பிடிக்கப் போகிறார்கள். நான் முதலில் பிடிப்பது சுருதியை. இரைச்சலைக் காது சில நிமிடங்களில் பழகிக்கொள்ளும். ஆனால் வேகம் பிசகிய நாடாவில் பாடகரின் குரல் வேறொருவர் குரலாகிறது; தாளத்தின் நடை பொய்யாகிறது. ஏழும் ஒன்பதும் பதின்மூன்றுமாகத் தாளம் மாறிக்கொண்டே இருக்கும் புராக்ரசிவ் ராக் இசையில், நடையின் கனம் பாடலின் கருத்துக்கே சமம் என்று நான் கருதுகிறேன்.

பிழை வரும் விதம் எளியது. எழுபதுகளில் அரங்குக்குள் ஒளித்துக் கொண்டுசென்ற ரெக்கார்டர்கள் பேட்டரியில் ஓடியவை. பேட்டரி தளரத் தளர மோட்டார் மெதுவாகும். மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது இசை விரைந்து, சுருதி ஏறும். வேகம் சுமார் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். பெரும்பாலும் நிகழ்ச்சியின் தொடக்கம் சரியாக இருந்து, முடிவு நெருங்கும்போது குரல் சன்னமாகிக்கொண்டே போகும். ஆகவே முழுப் பதிவுக்கும் ஒரே திருத்தம் போதாது.

சரியான சுருதியைக் கண்டுபிடிக்க மிக நம்பகமான சாட்சி, யாரும் கேட்க விரும்பாத ஓர் ஒலி: மின்சாரத்தின் ரீங்காரம். மேடையில் உள்ள ஆம்ப்ளிஃபையர்கள், பாடல்களுக்கு நடுவே அமைதி வரும்போது, மின்விநியோகத்தின் அதிர்வெண்ணிலும் அதன் இரட்டிப்பிலும் முனகிக்கொண்டிருக்கும். வட அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 50. ஜப்பானில் கூடுதல் கவனம் வேண்டும்: டோக்கியோ இருக்கும் கிழக்குப் பகுதியில் 50, ஒசாகா இருக்கும் மேற்குப் பகுதியில் 60. எமர்சன் லேக் அண்ட் பாமர் குழு 1972 ஜூலையில் டோக்கியோவின் கொராக்குவென் அரங்கிலும் இரண்டு நாள் கழித்து ஒசாகா அருகிலுள்ள கோஷியன் அரங்கிலும் வாசித்தது. அந்த இரண்டு நாடாக்களையும் ஒரே எண்ணை வைத்துத் திருத்தினால் ஒன்று நிச்சயமாகக் கெடும்.

செய்முறை இதுதான். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில், பாடல் முடிந்து கைதட்டல் அடங்கிய சில விநாடிகளைத் தேர்ந்தெடுத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தை இயன்ற அளவு நுணுக்கமாக எடுங்கள். அமெரிக்க நிகழ்ச்சியில் ரீங்காரம் 62.4 ஹெர்ட்ஸில் நின்றால் நாடா 4 சதவீதம் விரைந்து ஓடுகிறது. அரைக்கட்டையில் மூன்றில் இரண்டு பங்கு சுருதி ஏறியிருக்கிறது என்று பொருள். 60-ஐ 62.4-ஆல் வகுத்து வரும் 0.9615 என்பதே அந்த இடத்துக்கான திருத்த விகிதம். இசை நடக்கும்போது அளக்காதீர்கள்: பேஸ் கிட்டாரின் தாழ்ந்த 'பி' சுரம் 61.7 ஹெர்ட்ஸில் இருப்பதால் அதையே ரீங்காரம் என்று எண்ணிவிடக்கூடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி அளந்து எழுதிக்கொண்டால், பேட்டரி தளர்ந்த கதை ஒரு வளைகோடாகக் கண்முன் வந்துவிடும். அந்த வளைகோட்டை ஆடாசிட்டியின் காலத் தடத்தில் (டைம் ட்ராக்) வரைந்து, வேகமும் சுருதியும் சேர்ந்தே மாறும்படி திருத்துங்கள். வேகத்தை விட்டுவிட்டுச் சுருதியை மட்டும் மாற்றும் கருவியை இங்கே தொடவே கூடாது. நாடா அப்படிப் பிழை செய்வதில்லை.

ஒரே நாடாவில் இரண்டு ரீங்காரங்கள் கேட்பதும் உண்டு. அமெரிக்க நிகழ்ச்சியை இங்கிலாந்தில் நகலெடுத்திருந்தால், நகலெடுத்த டெக்கின் ரீங்காரமும் உள்ளே புகுந்திருக்கும். பிரித்தறிய நான் மேலே வெட்ட வேண்டாம் என்ற வெற்றிடங்கள்தான் உதவுகின்றன. மூலப் பதிவு தொடங்குவதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருக்கும் ரீங்காரம் நகலுக்கு உரியது. 'டக்' என்ற ஓசையோடு தொடங்கி அதே ஓசையோடு நிற்பது அரங்குக்கு உரியது. அரங்குக்கு உரியதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து எடுத்த பதிவு என்றால் இதைவிடத் துல்லியமான துணை ஒன்று கிடைக்கலாம்: படக்குழாயின் கீச்சொலி, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 15,734 ஹெர்ட்ஸிலும், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 15,625 ஹெர்ட்ஸிலும், மெல்லிய நேர்கோடாக வரைபடத்தில் தெரியும்.

ரீங்காரம் கிடைக்காத நாடாவில் இசைக்கருவிகளைச் சாட்சிக்கு அழைக்கலாம். ஆனால் ஆளறிந்து அழைக்க வேண்டும். பற்சக்கரங்கள் சுழலும் பழைய ஹாமண்ட் ஆர்கன் மின்விநியோகத்தின் அதிர்வெண்ணோடு பூட்டிய மோட்டாரில் ஓடுவதால், அதன் சுருதி மேடையில் எளிதில் அசையாது. மெல்லோட்ரான் அதற்கு நேர்மாறு. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துண்டு நாடா ஓடும் கருவி அது; பல கட்டைகளை ஒருசேர அழுத்தினால் மோட்டார் திணறிச் சுருதி இறங்கும். அதைக்கொண்டு நாடாவைத் திருத்துவது, ஆடும் படகில் நின்று கரையை அளப்பது போன்றது. ஸ்டூடியோ பதிவோடு ஒப்பிடுவதும் எப்போதும் பொருந்தாது. குழுக்கள் பாடகரின் குரலுக்காகச் சுருதியை இறக்கிக்கொள்வதுண்டு. ஜெனிசிஸ் 2007 சுற்றுப்பயணத்தில் பழைய பாடல்களை அப்படித்தான் பாடியது.

ஒட்டும் வெட்டும்

சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். இருபது நிமிடம் நீளும் பாடல்களை வாசிக்கும் குழுவின் நிகழ்ச்சியில் நாடாவைத் திருப்பிப்போடும் இடைவெளி ஏதேனும் ஒரு பாடலின் நடுவில் விழுவது இயல்பு. அதே இரவை வேறொருவர் பதிவு செய்த நாடா கிடைத்தால், விடுபட்ட விநாடிகளை அதிலிருந்து எடுத்து ஒட்டலாம். சுருதி, ஒலியளவு, அரங்கின் எதிரொலி மூன்றும் இயன்றவரை இசையும்படி செய்து, ஓரிரு விநாடிகளில் ஒன்று மங்க மற்றது எழுமாறு இணைக்க வேண்டும். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை இரண்டாம் பதிவு என்பதை, பதிவோடு சேர்த்து வைக்கும் தகவல் கோப்பில் எழுத வேண்டும். வேறொரு இரவின் வாசிப்பை எடுத்து ஒட்டுவதை மட்டும் எக்காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். மறைத்து ஒட்டப்பட்ட அத்தகைய துண்டு, அந்த இரவு என்ன வாசிக்கப்பட்டது என்று நாளை ஆராய்பவரை ஏமாற்றும். துண்டு கிடைக்கவில்லையா? ஒலியை மெல்ல மங்கச் செய்து மீண்டும் எழச் செய்யுங்கள். இடைவெளி இருந்தது என்பதும் உண்மைதான்.

இரைச்சலும் சமன்பாடும்

பல ஆண்டுகளுக்கு முன் நான் செப்பனிட்ட முதல் நாடாவில் இரைச்சல் நீக்கும் கருவியை முழு வலுவில் ஓட்டினேன். இரைச்சல் போயிற்று; சிம்பல் அடங்கும் வாலும், வயலினுக்குப் பின்னால் அரங்கம் மூச்சுவிட்ட அமைதியும் கூடவே போயின; மிஞ்சிய இடங்களில் நீருக்கடியில் மணி ஒலிப்பதுபோன்ற ஒரு குழறல் வந்து அமர்ந்தது. மாற்றிய மூலக் கோப்பை அப்போது நான் வைத்துக்கொள்ளவில்லை; நாடாவும் உரியவரிடம் திரும்பிப் போய்விட்டது. அன்றிலிருந்து இந்தக் கருவியை நான் பெரும்பாலும் பயன்படுத்துவதே இல்லை. கட்டாயம் தேவைப்பட்டால், 3 அல்லது 4 டெசிபல் அளவுக்கு மேல் குறைக்காதீர்கள். நீக்கிய ஒலியை மட்டும் தனியே ஓட்டிக் கேளுங்கள். அதில் இசையின் நிழல் தெரிந்தால் அளவு மீறிவிட்டீர்கள்.

ஒலிச் சமன்பாட்டில், அதாவது தாழ்ந்த ஒலிகளையும் உச்ச ஒலிகளையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் வேலையில், கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். கோட்டுக்குள் மறைத்த மைக்கும் கான்கிரீட் அரங்கும் சேர்ந்து 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை ஒரு புடைப்பை உண்டாக்கும். அகலமான வளைவில் 2 அல்லது 3 டெசிபல் குறைத்தாலே குரல் முன்னால் வந்து நிற்கும். உச்ச ஒலிகளைக் கூட்டும்போது இசையைவிட இரைச்சலே முதலில் கூடும் என்பதை மறவாதீர்கள். தாழ்ந்த ஒலிகளை 30 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டாதீர்கள். காலால் வாசிக்கும் பேஸ் பெடல்களின் அதிர்வு அங்கேதான் வாழ்கிறது. இறுதியாக, ஒலியளவை இன்றைய இறுவட்டுகள் (சிடி) போல் நசுக்கி உயர்த்த வேண்டாம். ஒற்றைக் கிட்டாரின் முணுமுணுப்பிலிருந்து முழுக்குழுவின் முழக்கம்வரை ஏறிச்செல்லும் இந்த இசைக்கு அந்த ஏற்றம்தான் உயிர்.

பகிர்தல்

இங்கே சட்டத்தை நேராகப் பார்க்க வேண்டும். மேடை நிகழ்ச்சியை அனுமதியின்றிப் பதிவு செய்வதும் பரப்புவதும் கலைஞர்களின் உரிமையைத் தொடுகின்றன. இங்கிலாந்தின் 1988 பதிப்புரிமைச் சட்டமும், அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டமும், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அதே 1994-ல் சேர்ந்த நிகழ்த்துகலைஞர் உரிமையும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆகவே குழுவின் நிலைப்பாட்டை அறிவதுதான் முதல் வேலை. அம்ஃப்ரீஸ் மெகீ போன்ற சில குழுக்கள் ரசிகர் பதிவுகளை வரவேற்கின்றன. இண்டர்நெட் ஆர்க்கைவின் நேரடி இசைக் காப்பகம் அப்படி அனுமதித்த குழுக்களின் பதிவுகளை மட்டும் ஏற்கிறது. கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃபிரிப் அரங்கில் பதிவு செய்வதையே நெடுங்காலமாக எதிர்த்தவர். ஆனால் அவருடைய நிறுவனம்தான் ரசிகர்களின் நாடாக்களைத் தேடியெடுத்து வெளியிட்டும் இருக்கிறது. அத்தகைய குழுவின் அரிய நாடா உங்களிடம் இருந்தால், பொதுவில் பரப்புவதற்கு மாறாகக் குழுவின் காப்பகத்துக்கே அளிப்பதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து. அதிகாரபூர்வமாக வெளிவந்த நிகழ்ச்சியை ஒருபோதும் பகிராதீர்கள். எந்தப் பதிவுக்கும், அஞ்சல் செலவு என்ற பெயரில்கூட, காசு வாங்காதீர்கள்.

அனுமதியுள்ள பதிவைப் பகிரும்போது ஃப்ளாக் போன்ற இழப்பில்லாத வடிவம் மட்டுமே தகும். எம்பி3 கோப்பை ஃப்ளாக்காக மாற்றினால் இழந்தது திரும்பாது. ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே சுவர் எழுப்பியதுபோல் ஒலி அறுபட்டிருந்தால் அந்தக் கோப்பை ஐயத்தோடு பாருங்கள். பண்பலை ஒலிபரப்பிலிருந்து எடுத்தவையும் 15 கிலோஹெர்ட்ஸில் இயல்பாகவே நிற்கும் என்பதால், மூலம் எது என்று தெரிந்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். இறுவட்டில் எழுதும் நோக்கம் இருந்தால் விநாடிக்கு 44,100 மாதிரி (சாம்பிள்) என்ற அளவில், பாடல்களைப் பிரிக்கும் ஒவ்வோர் இடமும் 588 மாதிரிகளின் மடங்கில் விழுமாறு வெட்டுங்கள். இல்லாவிட்டால் பாடலுக்குப் பாடல் சிறு 'டிக்' ஓசை கேட்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம் தகவல் கோப்பு. நாள், ஊர், அரங்கு, பாடல் வரிசை, பதிவு செய்த கருவியும் மைக்கும், எத்தனையாவது ஜெனரேஷன், எந்த டெக்கில், டால்பியோடா இல்லாமலா மாற்றியது, எந்த இடத்தில் ரீங்காரம் எவ்வளவு இருந்தது, எந்த விகிதத்தில் திருத்தியது, ஒட்டிய இடங்கள், சமன்பாட்டின் எண்கள், ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்பு எண். பதிவு செய்தவர் தன் பெயர் வெளிவர விரும்பவில்லை என்றால் அதை எங்கும் எழுதாதீர்கள். தெரியாததை ஊகித்து நிரப்பாமல், தெரியாது என்றே குறியுங்கள். செப்பனிட்ட பதிவோடு தொடாத மூலக் கோப்பையும் சேர்த்தே காப்பகத்துக்குக் கொடுங்கள். ஒருநாள் மாஸ்டர் நாடா எங்கேனும் ஒரு பரணிலிருந்து வெளிவரும். அன்று உங்கள் பதிப்பை விலக்கிக்கொண்டு, உங்கள் குறிப்புகளை அந்த நாடாவை மாற்றுபவருக்கு அனுப்பிவையுங்கள்.